எட்டாம் கட்டளையும் நாம் வைத்திருக்கும் வேறு பெயர்களும்

சபையில் பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும்போது பிள்ளைகளின் முகங்களைக் கவனிப்பேன். தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளைக்குச் சிலர் தலை குனிவார்கள். பொய்ச்சாட்சி என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “களவு செய்யாதிருப்பாயாக” என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இது நமக்கு இல்லை என்ற நிம்மதி. சேலத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வகுப்பை எடுக்கிறேன். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரிடமும் அதே நிம்மதியைத்தான் பார்க்கிறேன்.

அந்த நிம்மதி நமக்கு எப்படி வருகிறது என்று யோசித்தால், நாம் செய்யும் களவுக்கு நாமே வேறு பெயர் வைத்திருப்பது தெரியும். கழிவு, பிடித்தம், பாக்கி, இரவல், சில்லறை இல்லை, ஊர் வழக்கம். இல்லாதவன் எடுத்தால் மட்டும் திருட்டு என்று சொல்லக் கூசமாட்டோம். கட்டளையைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் தவறுகள் எல்லாமே இந்தப் பெயர் மாற்றத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

சுவரேறிக் குதிப்பவனை மட்டும் திருடன் என்பது

கட்டளை வேதாகமத்தில் யாத்திராகமம் 20:15இல் இருக்கிறது, உபாகமம் 5:19இல் மறுபடி வருகிறது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதை ஏழாவதாக எண்ணுவார்கள், எங்கள் சபையில் எட்டாவது. எண்தான் வேறு, கட்டளை ஒன்றுதான். எபிரேயத்தில் ‘லோ திக்னோவ்’ என்று இரண்டே சொற்கள். இந்த வினையின் வேர் மறைவாக எடுப்பதைக் குறிக்கும். வெளிப்படையாகப் பறிப்பதற்கு எபிரேயத்தில் வேறு சொல் உண்டு. யாக்கோபு தன் மாமன் லாபானுக்குத் தெரியாமல் புறப்பட்டுப் போனதைச் சொல்லும்போது, ‘லாபானின் இருதயத்தைத் திருடினான்’ என்றுதான் எபிரேய மூலம் சொல்கிறது. ஒருவரை ஏமாற்றுவதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். நம்முடைய ‘களவு’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அகப்பொருளில் ஊருக்குத் தெரியாத காதலுக்குக் களவு என்றுதானே பெயர். மறைவு என்பது அந்தச் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. இத்தனை பொருத்தமான சொல் நமக்குக் கிடைத்ததை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

யூத மத போதகர்களான ரபீக்கள் இந்தக் கட்டளையை இன்னும் கடுமையாக வாசித்தார்கள். பத்துக் கட்டளைகளில் வரும் களவு மனிதனைத் திருடுவது, அதாவது ஆளைக் கடத்தி விற்பது என்றார்கள். யாத்திராகமம் 21:16இல் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை. பொருளைத் திருடினால் தண்டனை அப்படி இல்லை, திருப்பிக் கொடுப்பதுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பழங்கதை கேட்பதுபோலக் கேட்பார்கள். அப்போது நான் முன்பணத்தைப் பற்றிப் பேசுவேன். நம் பக்கத்தில் தறியிலும் பட்டறையிலும் ஒரு குடும்பம் முன்பணம் வாங்கினால், அதைத் தீர்க்கும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாது என்று கட்டிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கடன் என்ற பெயரில் ஒருவனுடைய காலையும் கையையும் வைத்துக்கொள்வது அந்த ரபீக்கள் சொன்ன களவுக்கு மிக அருகில் நிற்கிறது.

கூலியைப் பிடித்துவைப்பதைக் களவில் சேர்க்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் எனக்கு அதிகம் வலிப்பது இது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், களவு செய்யாதே என்று சொல்லி இரண்டு வசனம் தள்ளி, “கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது” என்று இருக்கிறது. ஒரே ஒரு இரவு! உபாகமம் 24ஆம் அதிகாரம் அந்த இரவையும் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆசையாய் இருக்கிறான் என்கிறது. புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபின் நிருபத்தில், பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரல் இடுகிறது.

சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும். பட்டறைக்காரர் வெள்ளியை எடைபோட்டுத் தருவார். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை. உருக்குவதிலும் அராவுவதிலும் குறைவதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தக் கணக்கில் களவு இரண்டு பக்கமும் நுழையலாம். வேலை செய்பவர் குறைந்ததைக் காட்டிலும் கூடச் சொல்லலாம். கொடுப்பவர் உண்மையில் குறைந்ததையும் ஒப்புக்கொள்ளாமல் கூலியில் பிடிக்கலாம். முதலாவது நடந்தால் தெரு முழுவதும் திருட்டு என்று பேசும். இரண்டாவது நடந்தால் அது ‘பிடித்தம்’ என்று நோட்டில் ஏறிவிடும்.

என் அப்பா சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் எழுத்தராக இருந்தார். அறுவடைக் காலத்தில் சாயங்காலம் பழம் எடைபோடுவதும் அவர் வேலை. சாக்கின் எடைக்குக் கழிப்பது நியாயம், பனி ஈரத்துக்குக் கொஞ்சம் கழிப்பதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். முதலாளி சொன்னபடி அதற்கு மேலும் ஒரு கழிவு போடுவார்களாம், அதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை. அந்தக் கழிவைத் தன் கையாலேயே எழுதியதாக ஓய்வு பெற்று வெகு காலத்துக்குப் பிறகு எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மண்டிக்கடைத் தராசு நினைவுக்கு வருவதில்லை, அந்தச் சாயங்கால எடைதான் வருகிறது. தராசு சரியாகத்தான் இருந்தது. நோட்டுதான் பொய் சொன்னது.

வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவரிடம் “சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கொள்ளம்மா” என்று சொல்லும் நாமும் இந்த வரிசையில் நிற்கிறோம். அந்த நாளைக்கு என்பது நமக்கு ஒரு சொல், அவருக்கு அன்றைய ராத்திரி அரிசி.

விலை பேசுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாம்பழக் காலத்தில் பெட்டிக்கு மேலே நல்ல மல்கோவாவும் அடியில் அடிபட்ட பழமும் வைத்து விற்பது களவு என்று நமக்கு உடனே தெரிகிறது. வாங்குகிறவன் நல்லதல்ல, நல்லதல்ல என்று சொல்லி வாங்கிவிட்டு, போன பிறகு மெச்சிக்கொள்வான் என்று நீதிமொழிகள் 20:14 சொல்வதை மட்டும் நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். சாலையோரத்தில் கூடை வைத்திருக்கும் பாட்டியிடம் பழத்தைக் குறை சொல்லியே விலையை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தத் திறமையைப் பெருமையாகச் சொல்வோம்.

தின்பதையும் அள்ளுவதையும் ஒன்றாகப் பார்ப்பது

உபாகமம் 23ஆம் அதிகாரத்தின் கடைசியில் அழகான ஒரு சட்டம் இருக்கிறது. பிறனுடைய திராட்சத்தோட்டத்துக்குள் போனால் ஆசை தீரச் சாப்பிடலாம், கூடையில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. பயிருக்குள் போனால் கையால் கதிர் கொய்யலாம், அரிவாளை வைக்கக்கூடாது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இதை அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவரின் உரிமையாக எடுத்துக்கொள்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்து, சாலையோரம் காரை நிறுத்திவிட்டு, வேலிக்குள் கைவிட்டு ஆரஞ்சும் பச்சை மிளகுக் கொத்தும் பறித்துப் பையில் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளையும் பறிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சும்மா ஒரு ஆசைக்கு’. அதே தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்த பெண் ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டு வந்தால் பையைத் தடவிப் பார்ப்பார்கள். மோசேயின் சட்டம் இந்த இரண்டையும் நேர்மாறாக வைத்திருக்கிறது.

பசியைப் பற்றியும் வேதாகமம் கண்டிப்பும் கனிவுமாகப் பேசுகிறது. பசியைத் தீர்க்கத் திருடினவனை யாரும் இகழமாட்டார்கள், ஆனாலும் அவன் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம். 13ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ், உயிர் போகும் நிலையில் பிறர் பொருளை எடுத்துப் பிழைப்பது களவே ஆகாது என்று எழுதினார். திருடன் என்று சந்தேகப்பட்டவனைக் கம்பத்தில் கட்டி அடித்து, அதைக் கைப்பேசியில் எடுத்துப் பரப்பும் இந்தக் காலத்தில், யாத்திராகமம் 22:2, 3 வசனங்களை நாம் உரக்க வாசிக்க வேண்டும். இருட்டில் கன்னமிடும்போது அடிபட்டுச் செத்தால் அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்த பிறகு கொன்றால் பழி உண்டு. திருடனுக்கும் உயிர் இருக்கிறது என்று அந்தப் பழைய சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அரசாங்கத்துப் பொருள்தானே, யாருடையதோ தானே என்பது

இதை நீட்ட வேண்டியதில்லை. திருவிழாச் சீரியல் விளக்குக்கு மின்கம்பியில் கொக்கி போடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் திருட்டு. ஆலயத் திருவிழாவாக இருந்தாலும் அதே பிரிவுதான். மோசமாகச் செய்த வேலையையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதே கட்டளையின் கீழ் வைக்கிறது. இரவல் வாங்கியதையும் கண்டெடுத்ததையும் வேண்டுமென்றே வைத்துக்கொள்வதும் அதே பத்தியில் வருகிறது.

வழிதவறிய மாட்டைக் கண்டால் காணாததுபோல் போகாதே என்கிறது உபாகமம் 22. உடையவன் தூரத்தில் இருந்தாலும், யாரென்றே தெரியாவிட்டாலும், அவன் தேடிவரும்வரை வீட்டில் கட்டிப் பராமரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்று அந்த மாடு கைப்பேசிக்குத் தவறி வந்த பணமாக இருக்கலாம். பஸ்ஸில் நடத்துநர் நமக்குத் தர வேண்டிய மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தால், இறங்குவதற்குள் மூன்று முறை கேட்டு வாங்கிவிடுவோம். அவர் பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால் நமக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

காணிக்கை போட்டுக் கணக்கை முடிப்பது

செய்தது தவறு என்று உணர்ந்தவர்கள்கூட இந்த இடத்தில் இடறுகிறார்கள். ஏமாற்றிய பணத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, மனம் இலேசாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கொள்ளைப்பொருளால் இட்ட பலியை வெறுக்கிறேன் என்று ஏசாயா 61இல் கர்த்தர் சொல்கிறார். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, எடுத்ததை முழுவதும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உடையவன் கையில் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி அதோடு சேர்ந்து வருவது, அதற்குப் பதிலாக வருவது ஆகாது. ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு ஆடு தர வேண்டும், மாட்டைத் திருடி விற்றவன் ஐந்து மாடு. மாட்டோடு அதன் உழைப்பும் போய்விட்டதால்தான் ஒன்று அதிகம் என்று ரபீ மேயர் விளக்கினார். ஒரு நெசவாளியின் தறிச் சாமானும் ஒரு வீட்டின் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரே விலையாக இருந்தாலும் ஒரே இழப்பு ஆகிவிடுமா? இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயு இதை அறிந்தவன். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிற்காமல், அநியாயமாய் வாங்கியவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

“கொடுக்க வேண்டியவர் இப்போது எங்கே இருக்கிறாரோ” என்று பெரியவர்கள் கேட்பார்கள். எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் அதற்கும் வழி சொல்கிறது. ஆள் இல்லாவிட்டால் உறவினரிடம் கொடு, வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாதபோதுதான் ஆசாரியனிடம் கொடு. காணிக்கைப் பெட்டிக்குக் கடைசி இடம்.

இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோதே எங்கள் வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. என் தம்பி கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கியது. விளிம்பில் அவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஆத்தூருக்குப் போனபோது கேட்காமல் போனார்கள், நாங்களும் கொடுக்காமல் இருந்தோம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘இரவல் அண்டா’. ஏழு ஆண்டுகளும் அப்படியே அழைத்தோம், கூச்சமே இல்லாமல் அதில் புளியோதரையும் கிளறினோம்.

ஒரு வருடம் எண்ணாகமப் பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். பிறகு விசாரித்து முகவரி வாங்கினேன். அந்த அம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது, மருமகள் இருந்தார். புளி போட்டு விளக்கி, ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அண்டாவுக்கும் சுமைக்கட்டணம் கேட்டார் நடத்துநர், கொடுத்தேன். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் கூடவே ஒரு சிறிய பித்தளைக் குடமும் வாங்கியிருந்தேன். மருமகள் குடத்தை வேண்டவே வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அவர் கடைசியில் அண்டாவை வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பில் மாமியாரின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.