மலையில்லாத ஊரில் நிலக்காட்சிப் படம் எடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தொடக்கம்

நிலக்காட்சிப் படம் என்றதும் ஊட்டிக்கோ வால்பாறைக்கோ வண்டி கட்ட வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கம் புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "இங்க எடுக்க என்ன இருக்கு? எல்லாம் தட்டையாத்தானே கிடக்கு?"

தட்டைதான். மலையூரில் பாதிப் படத்தை மலையே செய்து கொடுத்துவிடும். இங்கே அடிவானம் ஒரே கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே எதை வைக்கிறோம், மேலே எந்த நேரத்து வானத்தை வைக்கிறோம் என்பதில்தான் படம் இருக்கிறது. முன்புறம், வெளிச்சம் இந்த இரண்டையும் பழகிவிட்டால் தேவனாம்பட்டினம் கடற்கரையும் வீராணம் ஏரியும் போதும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்காகத்தான்.

1. என்ன வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் (கிட் லென்ஸ் என்பார்கள்) போதும். புது லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல ட்ரைபாட் வாங்குங்கள். கடற்காற்றில் ஆடும் லேசான ட்ரைபாட் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ட்ரைபாடின் கால்களை நீட்டி உயர்த்திப் பயன்படுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தினால் அந்த இடம்தான் முதலில் ஆடும். நடுவில் கொக்கி இருந்தால் உங்கள் பையையே மாட்டிவிடலாம். பை தரையை லேசாகத் தொடட்டும், இல்லையென்றால் அதுவும் காற்றில் ஊஞ்சலாடி ட்ரைபாடை அசைக்கும்.

ஃபில்டர்களில் முதலில் போலரைசர். தண்ணீரின் மேலும் இலைகளின் மேலும் அடிக்கும் பளபளப்பை அது குறைக்கும். அந்த வேலையை மென்பொருளில் சரியாகச் செய்ய முடியாது. அடுத்தது என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், அதனால் 6 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும். 10 ஸ்டாப் என்றால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. தொடக்கத்துக்கு 6 ஸ்டாப்தான் என் பரிந்துரை. விடியற்காலையில் 10 ஸ்டாப் போட்டால் ஒரு படத்துக்கே பல நிமிடம் நிற்க வேண்டிவரும், அதற்குள் வெளிச்சம் மாறிவிடும்.

மொபைல் மட்டும் இருக்கிறதா? சரி, அதிலேயே தொடங்குங்கள். லென்ஸைத் துடையுங்கள், திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், விரல் வைத்துப் பெரிதாக்காதீர்கள். வானத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சூரிய உதயப் படங்களில் வானம் வெளிறிப் போகாமல் இருக்க இது ஒன்றே பெரிய உதவி.

2. திசையும் நேரமும்

நம் கடல் கிழக்கே இருக்கிறது, அதனால் உதயம் கடலில். ஆனால் கிழக்கு என்பது ஆண்டு முழுவதும் ஒரே புள்ளி இல்லை. ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி எழும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கடலைப் பார்த்து நின்று, நேர்கிழக்கிலிருந்து இரண்டரை முட்டி இடப்பக்கம் அளந்தால் ஜூன், வலப்பக்கம் அளந்தால் டிசம்பர். புதுச்சேரியில் வம்பாகீரப்பாளையம் பக்கம் கடலுக்குள் நீளும் பழைய துறைமுகப் பாலத்தை உதயத்தோடு சேர்த்து எடுக்க ஆசை என்றால் எந்த மாதம் எங்கே நிற்பது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். அந்தப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும், மேலே ஏறுவது வேண்டாம்.

நேரம்: மே, ஜூனில் உதயம் 5.45 வாக்கில். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். வெப்பமண்டலத்தில் விடியலும் அந்தியும் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே இடத்தில் இருங்கள். மேகத்தில் நிறம் ஏறுவது பெரும்பாலும் சூரியன் தெரிவதற்கு முன்னால். சூரியன் வந்தபின் பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். அப்போது கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். படகுகள், தென்னை, சவுக்குத் தோப்பு எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருக்கும். அடுத்த இருபது நிமிடம்தான் இந்த ஊரின் நல்ல நேரம் என்பேன்.

மாதம் பார்ப்பதென்றால் வடகிழக்குப் பருவமழைக் காலத்து நவம்பர், டிசம்பர் வானத்துக்கு ஈடில்லை. மழை விட்ட மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள், காற்றில் தூசியே இருக்காது. தை மாதம் வயல்வெளிப் பனிக்கு நல்லது. ஏப்ரல் மே நண்பகலில் எடுப்பது வீண்.

3. கேமராவில் வைக்க வேண்டியவை

அபெர்ச்சர் முறையில், அதாவது லென்ஸ் துளையின் அளவை நாமே முடிவு செய்யும் முறையில் வைத்து எஃப் 8 அல்லது எஃப் 11. எண் கூடினால் துளை சிறிதாகும். எஃப் 22 வரை போனால் எல்லாம் கூர்மையாக வரும் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. துளை மிகச் சிறிதானால் ஒளி விலகிப் பரவி மொத்தப் படமும் லேசாகக் கூர்மை இழக்கும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 100. கோப்பு ரா முறையில், அதாவது கேமரா திருத்தாத மூலக்கோப்பாக. ட்ரைபாடில் ஏற்றியதும் லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, ஷட்டரை இரண்டு விநாடி டைமரில் அமுக்குங்கள்.

ஃபோகஸ் எங்கே வைப்பது? பல தொடக்கப் படங்கள் கெடுவது இங்கேதான். அடிவானத்தில் ஃபோகஸ் வைத்தால் காலடியில் இருக்கும் வலை மங்கிவிடும். கிட் லென்ஸில் 18 மி.மீ., எஃப் 8 என்று வைத்து, ஏறத்தாழ 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்யுங்கள். 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை போதுமான கூர்மை கிடைக்கும். ஃபோகஸ் ஆனதும் லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், அப்புறம் அது தானாக அலையாது.

வெளிச்சம் சரியா என்று திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; இருட்டில் திரை எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வானம் போய்விட்டது என்று பொருள், வெளிச்சத்தைக் குறையுங்கள். நிழலில் இருப்பதை ரா கோப்பிலிருந்து மீட்கலாம், வெந்துபோன வானத்தை மீட்க முடியாது. இன்னொன்று: டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் சூரியனைக் கண் வைத்துப் பார்க்கும் துளை (வியூஃபைண்டர்) வழியே பார்க்காதீர்கள். லைவ் வியூ போட்டுத் திரையில் பாருங்கள்.

4. அலையைப் பிடிப்பது: சில்வர் பீச்சில் ஒரு காலை

முதல் பயிற்சிக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சில்வர் பீச்தான் நல்ல இடம். மணல் அகலமானது, இருட்டில் கால் வைக்கவும் பயமில்லை. புதுச்சேரி ராக் பீச்சில் பாறைகளில் பாசி வழுக்கும். அங்கே நடைபாதையிலிருந்தே எடுங்கள்.

நனைந்த மணலில் ட்ரைபாடை வைத்ததும் உடனே படம் எடுக்காதீர்கள். மூன்று காலையும் கையால் அழுத்தி மணலுக்குள் இறக்குங்கள். இரண்டு அலை வந்து போகட்டும். ஒவ்வொரு அலையும் திரும்பும்போது காலைச் சுற்றியிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும், ட்ரைபாட் ஒரு பக்கம் அரை விரல் இறங்கும். அப்படி இறங்கி நின்றபின் அடிவானத்தை மட்டம் பாருங்கள். முன்பே பார்த்திருந்தால் வீண்.

இப்போது கேமராவை இடுப்பளவுக்கும் கீழே இறக்குங்கள். கண்ணுயரத்தில் முன்புறம் வெறும் மணலாகத் தெரிந்த இடத்தில், முழங்கால் உயரத்தில் பார்த்தால் நுரை விட்டுச்சென்ற வளைகோடும், நண்டு உருட்டிப்போட்ட மணலுருண்டைகளும், நனைந்த மணலில் வானத்தின் நிறமும் தெரியும். தட்டை நிலத்துக்கு இதுதான் மருந்து.

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் அலையின் வடிவம். 1/500 விநாடியில் துளித்துளியாக உறையும். 30 விநாடியில் கடல் புகைமூட்டமாகிவிடும். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை. அதிலும் அலை ஏறி வரும்போது அமுக்காமல், ஏறி முடித்து ஒரு கணம் தயங்கித் திரும்பும்போது அமுக்குங்கள். திரும்பும் நீர் நுரையை இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு வெள்ளை நரம்புகளாகப் பதிந்து, பார்ப்பவர் கண்ணைக் காலடியிலிருந்து கடலுக்குக் கூட்டிப்போகும். விடியுமுன் எஃப் 11-ல் ஃபில்டரே இல்லாமல் இந்த வேகம் கிடைக்கும். சூரியன் வந்தபின்தான் 6 ஸ்டாப் தேவை.

உப்புச்சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். சில படங்களுக்கு ஒருமுறை பாருங்கள். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, அப்புறம் துணியால் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

5. மீனவர் இருக்கும் இடத்தில்

படகும் வலையும் நமக்கு முன்புறம், அவர்களுக்குப் பிழைப்பு. "அண்ணே, படகை ஒரு படம் எடுத்துக்கட்டுமாண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள், சிலர் எந்தப் படகுக்குப் பின்னால் சூரியன் வரும் என்றே சொல்லிவிடுவார்கள். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், படகு இறக்கும் வழியில் ட்ரைபாடை நிறுத்தாதீர்கள். அவர்கள் முகம் தெரியும் படத்தை வெளியிடுவதற்கு முன் தனியாகக் கேளுங்கள்.

6. மாலைக்கு ஏரி

அந்தி கடலில் கிடைக்காது. அதற்கு ஏரிக்குப் போக வேண்டும், அங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தண்ணீரைத் தடுக்கும் கரையைத் தாழ்ந்த பக்கம்தான் கட்டுவார்கள், அதனால் பெரிய ஏரிகளுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கே. கரைமேல் நின்றால் எதிரே தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மேற்கு. சோழர் காலத்து வீராணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லால்பேட்டைப் பக்கம் கரையோரச் சாலையிலேயே நின்று எடுக்கலாம். வண்டிகள் வேகமாக வரும், சாலையோரத்தில் கவனம். புதுச்சேரிக்காரர்கள் ஊசுட்டேரியையும் பாகூர் ஏரியையும் மேப்பில் பார்த்து, தண்ணீர் நமக்கு மேற்கே இருக்கும் இடமாகத் தேடிக்கொள்ளுங்கள்.

நிலக்காட்சி என்றால் வைட் லென்ஸ்தான் என்பதை ஏரிக்கரையில் மறந்துவிடுங்கள். எதிர்க்கரைப் பனைகள் 18-ல் எறும்பு வரிசை போல ஆகிவிடும். 55-க்கு, வேறு லென்ஸ் இருந்தால் 200-க்குப் போய், நான்கைந்து பனையையும் சூரிய வட்டத்தையும் மட்டும் எடுங்கள். காற்றில்லாத மாலையில் பிம்பம் முழுதாக விழுந்தால் அடிவானத்தை நட்டநடுவில் வைத்தாலும் தவறில்லை. சூரியன் மறைந்தபின் கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

7. பிச்சாவரம்

பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகும்போது ட்ரைபாட் பயன்படாது, படகோடு அதுவும் ஆடும். கையில் பிடித்து, ஷட்டரை 1/250-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றுங்கள். சுரபுன்னை இலைகள் மெழுகு பூசியதுபோல் மின்னும், போலரைசரைத் திருப்பினால் பச்சை வெளியே வரும். அது ஓரிரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேகமூட்டமான நாளில் போனால் இன்னும் நல்லது. வெயிலில் வேர்களுக்கு இடையே வெளிச்சமும் நிழலும் வெள்ளையும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக விழும்.

8. வீட்டுக்கு வந்தபின்

திருத்தம் அதிகம் வேண்டாம். லைட்ரூமோ ஸ்னாப்ஸீடோ, எந்தத் திருத்தும் செயலியானாலும் முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். கடல் சாய்ந்திருந்தால் மற்ற எதுவும் எடுபடாது. அப்புறம் வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நிறத்தைக் கூட்டும் பொத்தானில் கை வைக்காமலே முடிந்தால் உத்தமம்.

கருவிகளைத்தான் உடனே கவனிக்க வேண்டும். ட்ரைபாட் கால்களை முழுதாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே நிழலில் காயவிடுங்கள். மடக்கி வைத்தால் உள்ளே இருக்கும் உப்பும் மணலும் பூட்டுகளை அரித்துவிடும். கேமராவை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம், அதனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஏசி அறையில் வைத்திருந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வாசல் திண்ணையில் வைத்துவிடுங்கள். பையைத் திறக்க வேண்டாம்.