தரங்கம்பாடியில் மிஷன் வழிகாட்டியாகத் தொண்டு செய்ய விரும்புவோருக்கு

தரங்கம்பாடியின் நகர வாயிலைக் கடந்து அரசர் வீதிக்குள் வரும் பயணிகளுக்குச் செருமானிய மிஷனெரி சீகன்பால்கின் ஊழியத்தை எடுத்துச் சொல்ல ஆண்டுதோறும் சில இளைஞர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் முன்வருகிறார்கள். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால், ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையை மட்டும் மூலதனமாகக் கொண்டு நிற்பவர், கூட்டத்தில் ஒருவர் ஆண்டு கேட்டதுமே தடுமாறிவிடுகிறார். ஆகவே பேசத் தொடங்குவதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது படிப்புக்கு ஒதுக்குங்கள்.

அனுமதியை முறையாகப் பெறுவது முதல் வேலை. சீகன்பால்க் ஊழியம் செய்த புதிய எருசலேம் ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது. டென்மார்க்கின் டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையோ மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஆலயத்தில் போதகரின் சொல்லும் கோட்டையில் துறையின் விதியும் செல்லும் என்பதால் இரண்டு இடத்திலும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆராதனை, திருமணம், அடக்க ஆராதனை நடக்கும் நேரங்களை முன்கூட்டியே அறிந்து வையுங்கள். துக்க வீட்டார் அமர்ந்திருக்கும் ஆலயத்துக்குள் ஒரு சுற்றுலாக் கூட்டத்தை அழைத்துப் போவதைப் போன்ற அவமரியாதை வேறில்லை.

ஆண்டுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். ஒன்றோடொன்று கோத்துப் படியுங்கள். தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்பாடு செய்துகொண்டு டேனியர் இங்கே கால் ஊன்றியது 1620-இல். அவர்களுடைய சொந்த வழிபாட்டுக்கான சீயோன் ஆலயம் 1701-இல் எழுந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய செருமானியர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கியது 1706 ஜூலை 9 அன்று. அதாவது, மிஷனெரிகள் வருவதற்கு 86 ஆண்டுகள் முன்பிருந்தே இது ஒரு வணிகக் குடியேற்றம். வணிகர்களுக்கு இந்த மிஷனெரிகள் இடைஞ்சலாகத் தோன்றியதன் காரணம் இந்த வரிசையைச் சொன்னாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அந்தப் பகையைக் கோட்டையில் நின்று சொல்லுவது நல்லது. கோட்டைத் தளபதி ஹாசியஸுடன் ஏற்பட்ட மோதலால் சீகன்பால்க் 1708-இன் இறுதியில் அங்கே சிறை வைக்கப்பட்டு நான்கு மாதங்கள் கழித்தார். பிறகு புதிய எருசலேம் ஆலயத்துக்கு வந்து, முகப்பில் முடியுடன் பொறித்துள்ள அரசரின் பெயரெழுத்துச் சின்னத்தையும் 1718 என்ற ஆண்டையும் காட்டுங்கள். அந்த அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தில் சீகன்பால்க் ஊழியம் செய்யக் கிடைத்ததும் நான்கு மாதங்களைச் சற்றே கடந்த காலம்தான். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்து, அதே ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை அருகே இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருங்கள். அந்த இடத்தில் பேசிக்கொண்டே இருக்கும் வழிகாட்டியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்பவர்களின் கண்கள் கல்லில் இருக்கும், காதுகளைப் பாவம் அவர் விடமாட்டார்.

அச்சுக்கலையைப் பற்றிப் பேசும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வெளிவந்தது என்று தொடக்கத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் இருந்த தமிழாசிரியர் ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். லிஸ்பனில் 1554-இலேயே தமிழ்மொழி உரோம எழுத்தில் அச்சேறியது. போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி அன்றிக்கே அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிடப்பட்டது. தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு. செருமனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை பெரியனவாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் நிறுவினார்கள். 1714-இலும் 1715-இலுமாகப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். உண்மை இவ்வளவு வளமாக இருக்கும்போது மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

சங்கடமான கேள்விகள் கட்டாயம் வரும். 1707 மே மாதம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவர் ஐரோப்பியர்களின் வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும், ஆலயத்துக்குள்ளும் சாதி வாரியாகப் பிரிந்து அமரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது என்பதையும் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டதையும் அதே மூச்சில் சொல்லலாம். ஆனால் முதல் இரண்டுக்கும் ஈடுகட்டுவது போன்ற குரலில் வேண்டாம். பிற சமயத்தாரைச் சீகன்பால்க் எப்படிப் பார்த்தார் என்று கேட்பவர்களிடம், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூல் அவருடைய ஆதரவாளர்களுக்கே பிடிக்காமல் போய் 1867-இல்தான் சென்னையில் அச்சானது என்பதைச் சொல்லுங்கள். அவர் மதமாற்றத்துக்காகவே வந்தார் என்பதும், வந்த ஊரின் மொழியையும் வழக்கங்களையும் விடாமல் கேட்டுக் கற்றார் என்பதும் இரண்டுமே உண்மை.

பயணிகளின் இயல்பறிந்து பேச்சை அமையுங்கள். திருச்சபைக் குழுவினர் ஒரு பாட்டும் ஜெபமும் விரும்புவார்கள். போதகர் இசைந்தால் இடம் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்செழுத்தும் சிறைக்கதையும் போதும். குடும்பமாக வரும் இந்துக்களும் இசுலாமியரும் ஊரைப் பார்க்க வந்தவர்கள், பிரசங்கம் கேட்க வந்தவர்கள் அல்லர். அவர்கள் கடலோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி விசாரித்தால், அது பாண்டியர் காலத்தில் 1306-இல் எழுந்தது என்று சொல்லி வழியும் காட்டுங்கள். விசுவாசத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் உங்கள் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேளாதவர் கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பதும் முகவரியைக் கேட்டு வாங்குவதும் கூடாது.

கடற்கரை வெயில் கடுமையானது என்பதால் காலை பத்து மணிக்கு முன்னரோ மாலை நான்குக்குப் பின்னரோ நடையைத் தொடங்குங்கள். ஒலிபெருக்கி இல்லாமல் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பணம் நீட்டுபவர்களிடம் நன்றி சொல்லிக் காணிக்கைப் பெட்டியைக் காட்டுங்கள். விடை தெரியாத கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த நடைக்குள் போதகரிடமோ நூலகத்திலோ விசாரித்து வையுங்கள்.