நெல்லையிலிருந்து திரையிசைக்கு: பின்னணி இசையில் தொடங்குங்கள்

இசையமைப்பாளராகும் விருப்பத்தோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும் இளைஞர்கள், பெரும்பாலும் கைப்பேசி நிறைய மெட்டுகளைப் பதிவு செய்துகொண்டு செல்கிறார்கள். மெட்டு வேண்டியதுதான். ஆயினும் சிறிய முதலீட்டில் முதல் படம் எடுக்கும் இயக்குநருக்கு அதைவிட முக்கியமான கவலை ஒன்று உண்டு: படம் முழுவதற்கும் பின்னணி இசை அமைத்துச் சொன்ன நாளில் தர இவரால் இயலுமா என்பதே அது. ஆகவே பாடலுக்கு முன்னால் பின்னணி இசையில் தேர்ச்சி பெறுங்கள் என்பதே என் ஆலோசனை. அதற்கான பயிற்சியில் பெரும்பகுதியை ஊரில் இருந்தபடியே முடித்துவிடலாம்.

அடிப்படைக் கல்விக்குத் திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் ஆகியவற்றை அங்கே முறையாகக் கற்கலாம். மேற்கத்திய இசைக்குப் பாளையங்கோட்டைத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களை அணுகுங்கள். நான்கு குரல்கள் தனித்தனி வழியில் சென்று ஒன்றாகப் பொருந்துவதை ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகியவருக்கு, வயலின் குழுவுக்கு இசை எழுதுவது அச்சமூட்டுவதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வின் எட்டு நிலைகளையும் முடித்தால் நல்லது. திரையுலகில் அந்தச் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும், இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் தெரியாதவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறரை நம்பியே நிற்க வேண்டியிருக்கும்.

இந்த மண்ணின் இசையைக் கற்க வேறொரு பள்ளி இருக்கிறது. அது கோயில் கொடை எனப்படும் ஊர்த் திருவிழா. சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து என்னும் பாட்டும் ஆட்டமும் கலந்த கதைக்கூத்து நடக்கும்போது, தலைமைப் பாடகரான அண்ணாவியின் பாட்டுக்கு மகுடம் என்னும் தோல் வாத்தியம் எப்படி விடை சொல்கிறது, எந்த இடத்தில் வேகம் ஏறுகிறது, சாமி இறங்கும் தறுவாயில் தாளம் எப்படி இறுகுகிறது என்பதைக் கவனியுங்கள். காட்சியின் உணர்ச்சியைத் தாளத்தால் படிப்படியாக உயர்த்தும் கலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வகுப்பறையை நான் அறியேன். வில்லுப்பாட்டில் கதையைப் பேச்சாகச் சொல்லும் இடத்தில் குடமும் உடுக்கையும் அடங்கி, பாட்டு தொடங்கியதும் மேலெழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். வசனத்தின் கீழே இசையை அமைப்பதற்கான பாடமே அது. ஒலியைப் பதிவு செய்வதானால் கலைஞர்களிடமும் கோயிலாரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்துவிடுங்கள். மகுடத்தைத் தீயில் காட்டி விறைப்பேற்றுகிறார்கள்; தோல் தளரத் தளரச் சுருதியும் இறங்கும். ஆகவே ஒரே அமர்வில் பதிவு செய்த ஒலிகளைக்கூடச் சுருதி பார்க்காமல் சேர்க்கக் கூடாது.

காருகுறிச்சி அருணாசலம் நம் பக்கத்து நாதஸ்வர மேதை. 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு அவருடைய நாதஸ்வரத்தை மங்கல அடையாளமாக மட்டும் வைக்காமல், எஸ். ஜானகியின் குரலோடு சரிநிகராக உரையாட வைத்தார். நாட்டார் வாத்தியம் ஒன்றைப் பயன்படுத்தும் முன், அது காட்சியில் பேசப்போகிறதா, ஊரின் பெயர்ப்பலகையாக நிற்கப்போகிறதா என்று கேட்டுக்கொள்ள இது நல்ல அளவுகோல்.

இனிப் படத்தோடு வேலை செய்யும் முறைக்கு வருவோம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 12 சட்டகங்களும், 96 தட்டுகள் என்ற வேகத்தில் 15 சட்டகங்களும் கிடைக்கும். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால், கதவு அடைபடும் கணமும் தாளத்தின் முதல் தட்டும் ஒன்றாக விழுமாறு வேகத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒலி போடுவது திறமையாகாது. எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வரவே கூடாது என்பதை இயக்குநருடன் அமர்ந்து படம் பார்த்து நேரக்குறியோடு எழுதிக்கொள்வதே ரீ-ரெக்கார்டிங் எனப்படும் பின்னணி இசைப்பதிவின் முதல் வேலை. வசனம் தெளிவாகக் கேட்பதற்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதி மிகவும் தேவைப்படுகிறது; நாதஸ்வரமும் அந்தப் பகுதியில் ஓங்கி ஒலிப்பதால், இரண்டையும் ஒருசேர வைத்தால் வசனம்தான் தோற்கும். முடித்த இசையை 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், தாளம், தந்தி, குரல் என்று பிரித்து, ஸ்டெம்கள் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுங்கள். ஒலிக்கலவைப் பொறியாளர் உங்களை மீண்டும் அழைப்பார்.

கருவிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. மடிக்கணினி, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியின் வாத்திய ஒலிகளை வாசிக்க உதவும் சிறிய மிடி கீபோர்டு, நம்பகமான ஹெட்போன், ரீப்பர் போன்ற விலை குறைந்த இசைப்பதிவு மென்பொருள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும்.

பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு இசையமைத்துப் பழகுங்கள். ஒரே காட்சிக்கு மூன்று விதமாக இசையமைத்துக் காட்டினால், இயக்குநரின் சொற்களை இசையாகப் புரிந்துகொள்ளும் பழக்கம் வரும். அத்தகைய நான்கைந்து காட்சிகள் கையில் சேர்ந்த பிறகு சென்னைக்குச் செல்லுங்கள். அங்கே உடனே இசையமைப்பாளராக அறிமுகமாக முயல்வதைவிட, ஓர் இசையமைப்பாளரிடம், கணினியில் வாத்திய ஒலிகளை அமைத்துத் தரும் கீபோர்டு புரோகிராமராகச் சேர்வது நல்லது. ஏ. ஆர். ரகுமானும் 1992-இல் முதல் படம் வெளிவருவதற்கு முன் பிற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தவர், விளம்பரங்களுக்கு இசையமைத்தவர்.

முதல் பட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது நீங்கலான பிற பயன்பாடுகளுக்கு ராயல்டியில், அதாவது படைப்பைப் பயன்படுத்துவதற்குக் கிடைக்கும் உரிமைத்தொகையில், சம பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. திருத்தங்கள் எத்தனை முறை, வாத்தியக் கலைஞர்களின் ஊதியம் யார் பொறுப்பு என்பனவும் அதே தாளில் இடம்பெறட்டும். மொத்தமாக ஒரு 'பேக்கேஜ்' தொகைக்கு ஒப்புக்கொண்டவருக்கு, வயலின் குழுவின் சம்பளம் தம் கையிலிருந்தே போகும்.