பழைய ஆம்னியில் பனிக்காலத்து ஊட்டி: ஏற்றமும் இறக்கமும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரம்; ஊட்டி 2,240 மீட்டர். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய ஆம்னி வேன் ஏறக்குறைய 1,200 கிலோ வரும். அந்த எடையை ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கினால் சுமார் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு எங்காவது போயாக வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் போட்டு வைத்த சூடு அது. அதில் பெரும்பகுதி எஞ்சின் வழியாகப் போனால் ஊர் வந்து சேரலாம். பிரேக் வழியாகப் போனால் பாதி வழியிலேயே மிதி பஞ்சாகிவிடும்.

பனிக்காலம் என்றதும் குளிரைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் நீலகிரியில் குளிர் வண்டியைப் படுத்துவது இரவிலும் விடிகாலையிலும்தான். பகலில் வம்பு செய்வது மூடுபனி, ஈரச்சாலை, இறக்கம் ஆகிய மூன்றும். ஆகவே பணமும் நேரமும் குறைவாக இருந்தால் முதலில் பிரேக்குக்குச் செலவழியுங்கள். எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கினால் பரவாயில்லை, மெதுவாக ஏறிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால், மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரமேறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தினால் சுருங்குமே தவிர, சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. மேட்டுப்பாளையத்துத் தெருவில் கல் மாதிரி இருந்த மிதி, மலை இறங்கிப் பர்லியார் பக்கம் வரும்போது தரையைத் தொடுவதற்குக் காரணம் இதுதான். பழையதை முழுக்க வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்து, டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் "லைனர் இருக்கு சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். வீல் சிலிண்டர் ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது. லைனர் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் அது ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைவிட மாற்றுவது நல்லது. முன்பக்க டிஸ்க் பேடு 3 மி.மீ.க்குக் கீழ் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சாய்வான இடத்தில், ஆள் ஏற்றி, நிறுத்திப் பாருங்கள். சமதளத்தில் பிடிப்பதெல்லாம் கணக்கில்லை.

கிளட்ச் சோதனை ஒரு நிமிட வேலை. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த வண்டியோடு கொண்டை ஊசி வளைவுக்குப் போகாதீர்கள்.

சமவெளி மெக்கானிக்குகள் சூடு பிரச்சினைக்குச் செய்யும் ஒரு குறுக்குவழி, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வை) கழற்றி வீசிவிடுவது. கோவை வெயிலில் அது தெரியாது. ஊட்டிக் குளிரில் எஞ்சின் சூடே ஏறாமல் பெட்ரோலைக் குடிக்கும், பிளக் கரி பிடிக்கும், காலையில் இழுக்காது. கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள். கூலண்ட் பாதி, தண்ணீர் பாதி. ஆம்னியில் ரேடியேட்டர் மூக்கிலும் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலும் இருப்பதால் இடையிலுள்ள குழாய்கள் நீளம், காற்று அடைத்துக்கொள்ளும். வண்டியின் மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி சாய்வில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியை (கேப்) திறந்து, ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். ஃபேன் தானாகச் சுழல்வதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். கேப் புதிதாக வாங்கினால் பழைய கேப்பில் அச்சிட்டுள்ள அதே அழுத்த எண் இருக்கட்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுத்துவைப்பது அந்தக் கேப்பின் அழுத்தம்தான்.

டயர் காற்றைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. குளிரில் காற்று குறையும், கூட்டு என்பது ஒன்று. மேலே போனால் வீங்கும், குறை என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மை. 32 டிகிரியில் அடித்த காற்று 5 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4 பிஎஸ்ஐ குறையும். அதே நேரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மிஞ்சுவது ஒரு பிஎஸ்ஐ. வண்டியில் ஒட்டியுள்ள தாளில் முழுச் சுமைக்கு என்ன அளவோ அதைக் கீழேயே அடித்துக்கொண்டு அப்படியே போங்கள். காற்றைவிட முக்கியம் டயரின் வயது. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். பூ இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், ஈரத்தில் பிடிக்காது.

மேலே கேரியரில் சாமான் கட்டாதீர்கள். ஆம்னி குறுகலான, உயரமான வண்டி, வளைவில் சாயும். கனமானதைத் தரையில், பின் சக்கரத்துக்கு மேலே வையுங்கள். பின் சக்கரம்தான் தள்ளுகிறது. காலி வண்டியாக ஈரமான வளைவில் ஏறினால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுழலும்.

நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் பதிவு 2024 மே மாதத்திலிருந்து உண்டு. நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்குத் தேவையில்லை. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரேடியேட்டருக்கான தண்ணீரைப் பெரிய கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம்

ஆம்னி எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 35 குதிரைத்திறன். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். வண்டி திணறினால் கோளாறு என்று பயப்பட வேண்டாம். கல்லாறு தாண்டியதும் இரண்டாவது கியர்தான் உங்கள் கியர். மூன்றில் இழுத்து எஞ்சின் உதறுவதைவிட இரண்டில் கொஞ்சம் சத்தமாகப் போவது எஞ்சினுக்கு நல்லது.

கொண்டை ஊசி வளைவில் முதல் கியரை வளைவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வளைவின் உள்பக்கம்தான் மிகச் செங்குத்து. அங்கே போய் கியர் தேடினால் வண்டி நிற்கும், பின்னால் பஸ் நிற்கும், பதற்றத்தில் கிளட்ச் கருகும். பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், அதற்குத்தான் ஹேண்ட் பிரேக். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும். விதி பேசாமல் கீழேயே நின்று வழிவிடுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் மேலே போகப் போகக் காற்று குறைந்து, பெட்ரோல் கலவை கனமாகும். கரும்புகை, ஐடிலில் தடுமாற்றம், பெட்ரோல் வாசனை எல்லாம் அதனால்தான். இதில் கவனிக்க வேண்டியது புகையில் கூடும் கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற வண்டி இது. சீட்டடி மூடியின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால், சைலன்சரில் ஓட்டை இருந்தால், குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போது புகை உள்ளேயே தங்கும். தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் நிறுத்திக் கதவைத் திறங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டுக்காக உள்ளே தூங்குவது அறவே கூடாது.

கேஸ் வண்டியானால் ஊட்டியில் காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பிறகே கேஸுக்கு மாற்றுங்கள். கேஸை ஆவியாக்கும் கருவிக்குச் சூடு வருவது எஞ்சின் கூலண்டிலிருந்து. வீட்டு சிலிண்டர் மாட்டிய வண்டியென்றால் மலை ஏறுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

மூடுபனி

குன்னூரைச் சுற்றி, சாயங்காலம் நாலு மணிக்கே இறங்கிவிடும். லோ பீம் மட்டும். ஹை பீம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். திரும்பும் சிக்னல் தெரியாமல் போகும். ஓரம் நிறுத்தினால் மட்டும் போடுங்கள்.

ஹீட்டர் இல்லாத ஆம்னியில் ஐந்து பேர் மூச்சுவிட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மங்கும். இரண்டு முன் கண்ணாடிகளையும் இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். குளிரும்தான், வேறு வழியில்லை. முந்தின நாளே கண்ணாடியின் உள்பக்கம் ஷேவிங் கிரீம் தடவி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் பாதி தொல்லை குறையும்.

ஊட்டியில் இரவு

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும். இரவில் முன்கண்ணாடி மேல் அட்டையோ பழைய போர்வையோ போட்டு, வைப்பரைத் தூக்கி விடுங்கள். காலையில் உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டினால் போதும். நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஈர டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இரவு முழுக்க இழுத்து வைத்தால் லைனர் ஒட்டிக்கொள்ளும்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதிதான், குளிரில் செல்ஃப் எடுப்பது சந்தேகம். சோக் உள்ள வண்டியில் முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி. எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் பாதி தள்ளி, சீராக ஓடியதும் முழுதும் தள்ளிவிடுங்கள். கலவை ஏற்கெனவே கனம். சோக்கோடு ஓட்டினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும்.

இறக்கம்

மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டி வழியை மறந்துவிடுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், குறுகிய தூரத்தில் பெரும் சரிவு. குன்னூர் வழியோ கோத்தகிரி வழியோ போதும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் 25, 30 கிலோமீட்டர். கொண்டை ஊசியில் முதல் கியர், 15. முதல் கியரை வேகம் குறைத்த பிறகே போடுங்கள். பிரேக்கில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே போவதுதான் டிரம்மை வேக வைக்கிறது. வேகம் 30 ஆனதும் இரண்டு மூன்று விநாடி உறுதியாக மிதித்து 20க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். மறுபடி 30 ஆகும்வரை காற்றுப் பட்டு ஆறட்டும்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியில் கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்தியே விடும், நியூட்ரலில்தான் செலவு. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். சாவியைத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

குன்னூரிலும் பர்லியாரிலும் இருபது நிமிடம் நிறுத்துங்கள். சக்கரத்தைத் தொடாமல், அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை இடம் வலம் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அதன் பிரேக் விடாமல் பிடிக்கிறது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

மிதி தளர்ந்தால் வேகமாக நாலைந்து முறை குத்துங்கள், அழுத்தம் கொஞ்சம் ஏறும். கூடவே கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை, பொத்தானை அமுக்கியபடியே, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் வழுக்கும். விளக்கும் ஹாரனும் விடாமல் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மலைப்பக்க மண்சுவரில் பக்கவாட்டாக உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் எக்காரணத்துக்கும் போகாதீர்கள்.

ஊட்டியில் யாராவது கார்புரேட்டர் திருகைத் திருப்பி ஐடிலைச் சரிசெய்து கொடுத்திருந்தால், எத்தனை சுற்று என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் அதே அளவு திரும்ப வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடர்ந்த காற்றில் கலவை மெலிந்து, சிக்னலுக்குச் சிக்னல் வண்டி அணைந்துபோகும்.