வெளிநாட்டில் சட்ட ஆராய்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) மாணவர்கள் மூவரின் ஆய்வேட்டு வரைவுகளைப் படித்தேன். மூன்றிலும் நான் அந்த வயதில் செய்த அதே தவறு. விசா, விண்ணப்பம், மொழித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிந்த வழக்குதானே என்று எழுதிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. இங்கிலாந்தில் படித்தபோது பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் தீங்கியல் சட்டத்தில் என் ஆய்வு. குறையோடு கட்டிய வீட்டுக்கு, மேற்பார்வையிட்ட உள்ளாட்சி மன்றம் பொறுப்பாகுமா என்பது கேள்வி. ஆன்ஸ் எதிர் மெர்ட்டன் வழக்கு இளநிலையிலேயே எனக்கு மனப்பாடம். அஸ்திவாரம் ஆழமில்லாமல் குடியிருப்புச் சுவர்கள் விரிசல் விட்ட வழக்கு அது. 1977இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையில் வில்பர்ஃபோர்ஸ் பிரபு, கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராமல் கவனமாக நடக்கும் கடமை) உண்டா என்பதை இரண்டு படிகளில் பார்க்கச் சொன்னார். அதை நம்பி ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினேன். மூன்று மாத உழைப்பு. வழிகாட்டி முதல் பக்கத்தில் வழக்கின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் '1990' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.

நூலகத்தில் தேடினேன். 1990 ஜூலையில் மர்ஃபி எதிர் பிரென்ட்வுட் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, ஆன்ஸ் தீர்ப்பைக் கைவிட்டிருந்தார்கள். நான் படித்த பழைய பதிப்புப் பாடநூலில் அது இல்லை. அத்தியாயம் போயிற்று, அந்தப் பருவமும் போயிற்று.

சரி, செத்த வழக்கு, தூக்கிப் போடலாம் என்றால் அதுவும் தவறு. கனடா உச்ச நீதிமன்றம் 1984இல் ஆன்ஸ் வழியை ஏற்றது. மர்ஃபிக்குப் பிறகும் அதை விடவில்லை, 2001இல் திருத்தி வைத்துக்கொண்டது. நியூசிலாந்தும் மர்ஃபி பக்கம் போகவில்லை. ஹாம்லின் வழக்கில் 1996இல் அன்று நியூசிலாந்துக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த, லண்டனில் அமரும் பிரிவி கவுன்சிலே, நியூசிலாந்து நீதிமன்றங்கள் தங்கள் நிலைமைக்கேற்ப வேறு வழி போகலாம் என்று ஒப்புக்கொண்டது. வழக்கின் பெயர் ஒன்றுதான், அதற்கு உயிர் இருக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சென்ற மாத வரைவு ஒன்றில் கனடாத் தீர்ப்பை இங்கிலாந்துச் சட்டம் என்றே எழுதியிருந்தார்கள்.

வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற சட்டத் தரவுதளங்கள் இரண்டிலும் தீர்ப்பின் பக்கத்திலேயே எச்சரிக்கைக் குறி இருக்கும். அதைப் பார்ப்பதோடு நிற்காமல், பின்னால் வந்த தீர்ப்பைத் திறந்து, எந்தப் பகுதி போயிற்று, எது நிற்கிறது என்று பாருங்கள். ஒரு வரி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பைச் சட்டமாகக் கொள்வது

ஜெர்மன் குடியியல் சட்டத் தொகுப்பு 1900 முதல் நடப்பில் இருக்கிறது. ஆங்கில வடிவம் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் 242ஆம் பிரிவு ஒரே வாக்கியம். நன்னம்பிக்கையோடு கடப்பாட்டை நிறைவேற்ற வேண்டும் என்கிற அந்த வாக்கியத்திலிருந்து நீதிமன்றங்கள் வளர்த்த கோட்பாடுகள் ஏராளம். மொழிபெயர்ப்பில் வாக்கியம்தான் வரும், அவை வராது. ஜெர்மன் படிக்க முடியாதென்றால் தலைப்பை மாற்றுங்கள்.

மேற்கோள் முறை

பிரிட்டனில் பெரும்பாலும் ஆஸ்கோலா, அமெரிக்காவில் புளூபுக். கலக்காதீர்கள்.

நேர்காணல்

வழக்கறிஞர்களையோ நீதிபதிகளையோ சந்திக்கும் முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். சந்தித்த பிறகு முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள்.

தரவுதளம்

படிப்பு முடிந்தபின் பல்கலைக்கழகம் தந்த கணக்கு பெரும்பாலும் மூடப்படும். அப்புறம் தேட முடியாது.