திரையில் ஆடும் ஊசல்: சிமியுலேஷன் வைத்துப் படிப்பிக்கும்போது விடும் பிழைகள்

முதல் பிழை என்னுடையதுதான். திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு மடிக்கணினியும் இரவல் புரொஜெக்டரும் கைக்கு வந்தன. நிஜத்தில் நடப்பதைக் கணினியில் போலச் செய்து காட்டும் சிமியுலேஷன் ஒன்றில் எளிய ஊசலைத் திரையில் ஆட்டிக் காட்டினேன். நீளத்தைக் கூட்டினேன், குறைத்தேன், குண்டின் திணிவை மாற்றினேன், ஒரு தட்டில் சந்திரனுக்கும் வியாழனுக்கும் போய்வந்தேன். பிள்ளைகள் கண் வெட்டாமல் பார்த்தார்கள். நல்ல பாடம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமை, குண்டின் திணிவை இரட்டித்தால் அலைவுகாலம், அதாவது ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம், என்னவாகும் என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே குரலில், “கூடும் சேர்!”

கூடாது என்பதைத் திரையில் கண்ணால் பார்த்த பிள்ளைகள்தான். ஆனால் மௌஸ் என் கையில் இருந்தது. எதை மாற்றுவது என்று தீர்மானித்ததும் நான், என்ன நடக்கிறது என்று சொன்னதும் நான். அவர்களுக்கு அது இன்னொரு வீடியோ.

இப்போது எதையும் ஓடவிடுவதற்கு முன் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுக்கிறேன். கூடுமா, குறையுமா, மாறாதா? ஒன்றை எழுதி, ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டால் அது பந்தயம் கட்டியது மாதிரி. பிறகு திரையைப் பார்க்கும் பார்வையே வேறு. பிழையாக எழுதிய பிள்ளைக்குத்தான் விடை கூடுதலாக மனதில் நிற்கிறது என்பது என் அனுபவம்.

கணினிகள் குறைவு, ஒன்றுக்கு மூன்று பேர் என்றால் ஒரு சின்னச் சட்டம் போடுங்கள்: மௌஸ் பிடிப்பவர் வாய் திறக்கக் கூடாது, மற்ற இருவரும் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். இல்லாவிட்டால் வீட்டில் கணினி உள்ள பிள்ளை விளையாடும், மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். அப்புறம், நீளம், திணிவு, கோணம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டு “சேர், மாறிட்டுது” என்பார்கள். ஒருமுறைக்கு ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிப் பெரிய பிழைக்கு வருவோம். எதற்குச் சிமியுலேஷன் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று யோசிக்காமல் எடுப்பது. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், குடும்பத் தொழிலான ஓகன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்து விமானமோட்டிப் பயிற்சிப் பெட்டி ஒன்றைச் செய்தார். முதலில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1934இல் தபால் கொண்டுபோன இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோதுதான் இராணுவம் அதை வாங்கியது. வெளியே ஒன்றும் தெரியாத நிலையில் மானிகளை மட்டும் பார்த்துப் பறப்பதை வானத்தில் பழகினால் உயிர் போகும், பெட்டிக்குள் பழகினால் போகாது. ஆபத்தானது, விலை கூடியது, கண்ணுக்குத் தெரியாதது, நம் கைக்கு எட்டாதது: இவற்றுக்குத்தான் சிமியுலேஷன். ஊசலில் ஆபத்து என்ன இருக்கிறது? நம்மூரில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டும் தங்கூசி நூலும் வாங்கினால் ஊசல் தயார்.

ஆகவே நான் இப்போது முதலில் ஈயக்குண்டைத்தான் ஆட்டுகிறேன். ஒரு மீற்றர் நீளம், 50 அலைவு. ஐந்து குழுவுக்கு ஐந்து விடை வரும். ஒரு குழு 49 எண்ணியிருக்கும், இன்னொன்று நூலை முடிச்சு வரைக்கும் மட்டும் அளந்திருக்கும், குண்டின் நடு வரைக்கும் அல்ல. இந்தக் குழப்பம்தான் பாடம். திரையில் அலைவுகாலம் தசமத்தோடு தானாக வந்து நிற்கும்போது, ஏன் 50 அலைவு எடுக்கிறோம், ஏன் குண்டு நடுவைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குகிறோம் என்ற கேள்வியே எழாது. பரீட்சையில் அமைப்புக் கட்டுரை வினாவில் கேட்பது அதைத்தான்.

திரைக்குப் போவது அதற்குப் பிறகு. ஊசலை 90 பாகை வரை தூக்கி விட்டால் அலைவுகாலம், சிறு கோணத்துக்கான நம் சூத்திரம் சொல்வதைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். நூலில் அதைச் செய்தால் ஒழுங்காக ஆடாது, திரையில் ஆடும். சந்திரனில் அதே ஒரு மீற்றர் ஊசல் ஓர் அலைவுக்குக் கிட்டத்தட்ட 5 செக்கன் எடுக்கும். அதைப் பார்க்கக் கணினியை விட்டால் வழியில்லை.

திரை சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பவைப்பது அடுத்த பிழை. மின்சுற்றுச் சிமியுலேஷனில் இலத்திரன்கள் நீலக் குண்டுகளாகக் கம்பிக்குள் ஓடும். பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் ஓர் அம்பியர் ஓடினால் இலத்திரனின் நகர்வு வேகம் என்ன என்று கரும்பலகையில் கணக்குப் போடுங்கள். செக்கனுக்கு 0.074 மில்லிமீற்றர் அளவுதான் வரும். ஒரு மீற்றரைக் கடக்க மூன்றே முக்கால் மணித்தியாலம். “அதுக்குள்ள நான் பஸ்ஸில மட்டக்களப்புக்கே போயிடுவன் சேர்” என்றான் ஒருவன். பிறகு ஏன் சுவிட்சைப் போட்டவுடன் மின்குமிழ் எரிகிறது என்று அவனே கேட்டான். அன்று பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அதே சிமியுலேஷனில் பற்றரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், திரும்பத் திரும்பக் கொளுத்துவார்கள், ஒரு தட்டில் எல்லாம் பழையபடி. இந்தப் பழக்கத்தோடு ஆய்வுகூடத்துக்கு வந்த ஒரு பிள்ளை மின்னோட்டம் அளக்கும் அம்பியர்மானியைப் பற்றரிக்குக் குறுக்கே நேராகப் பொருத்திவிட்டது. முள் ஒரே அடியாக அடித்து மடங்கியது. பாடசாலையில் இருந்த நல்ல மானி அது ஒன்றுதான். திட்டவில்லை. அந்தப் பிள்ளைக்கு மீளத் தொடங்கும் பொத்தானைப் பழக்கியது நான்தானே.

சொற்களையும் கவனியுங்கள், இதை அநேகமானோர் கவனிப்பதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமியுலேஷன்கள் இலவசம். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வைமன் 2002இல் தொடக்கிய திட்டம் அது. சிலவற்றைத் தமிழிலும் திறக்கலாம். ஆனால் இணையத்தில் தமிழில் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்களோடு வரும். அங்கே ‘நிறை’ என்றால் நமக்குத் திணிவு, எங்கே போனாலும் மாறாதது. நமக்கு ‘நிறை’ என்றால் அவர்களுக்கு எடை, ஈர்ப்பு இழுக்கும் விசை, சந்திரனில் குறைவது. சந்திரனில் நிறை மாறாது என்று திரையில் கண்டால் நம் பிள்ளை என்ன நினைக்கும்? பாடத்துக்கு முன் சொற்களை ஒருமுறை பார்த்து, கரும்பலகையின் ஓரத்தில் நம் சொல்லை எழுதிவிடுங்கள். இணையத்தை நம்பியும் போகாதீர்கள். முதல் நாளே இறக்கிப் பென் டிரைவில் வைத்து, அந்த வகுப்பறைக் கணினியிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள்.

கடைசியாக, மணி அடித்ததும் கணினியை மூடிவிட்டு எழும்புவது. நமது துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் அதிகாரிகள் எஸ்ரிசிடபிள்யூ என்ற, கடலோடிகளின் பயிற்சி பற்றிய 1978ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின்படி பயிற்சி பெற்றவர்கள். சிமியுலேற்றரில் ஏற்ற முன் பயிற்சியின் நோக்கத்தைச் சொல்ல வேண்டும், திட்டமிட நேரம் கொடுக்க வேண்டும், முடிந்ததும் உட்காரவைத்து என்ன நடந்தது என்று பேச வேண்டும் என்று அதன் விதிக்கோவை பயிற்றுநரைக் கட்டாயப்படுத்துகிறது. நாம் நடுப்பகுதியை மட்டும் செய்துவிட்டு முன்னையும் பின்னையும் விட்டுவிடுகிறோம். 40 நிமிடப் பாடத்தில் கடைசிப் பத்து நிமிடம் திரையை அணைத்துவிட்டு, திரையில் எது இல்லை, எது பொய் என்று மட்டும் கேளுங்கள்.

நான் எதிர்பார்த்த விடை ஒன்று உண்டு. திரையில் புவியீர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடும் அளவு) 9.81, நாம் மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே அது 9.78 அளவு. 50 அலைவில் அதனால் வரும் வித்தியாசம் 0.15 செக்கன், நிறுத்தற்கடிகாரத்தை அமத்தும் விரலின் தாமதமே அதைவிடக் கூட இருக்கும். இதுவரை ஒரு பிள்ளையும் அதைச் சொல்லவில்லை. ஆனால் போன தவணை ஒருத்தி, “அதில காத்து இல்லை சேர்” என்றாள். அடுத்த நாள் கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஈயக்குண்டைத் தொங்கவிட்டதும் அவள் ஒருவரையும் கேட்காமல் எழும்பிப் போய் யன்னல்களைச் சாத்தினாள், பிறகு மின்விசிறியையும் நிறுத்தினாள். வகுப்பே முனகியது.