இஎஸ்ஐ முடியப் போகிறதா? சொந்தமாக மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உடனே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று பங்களிப்புக் காலம் இரண்டு. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும்.

அந்த மாதங்களைச் சும்மா விடுவதுதான் பெரிய தவறு. "கார்டுதான் இருக்கே, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். புதுப் பாலிசியில் விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளைம் கிடையாது. குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்கும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கும் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை போகலாம். பத்து வருடம் இஎஸ்ஐயில் இருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. காத்திருந்த காலத்தை இழக்காமல் பாலிசியை மாற்றிக்கொள்ளும் (போர்ட் செய்யும்) வசதி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குள் மட்டும்தான். ஆகவே இஎஸ்ஐ கையில் இருக்கும்போதே பாலிசி எடுத்துவிடுங்கள். காத்திருப்பில் ஒரு பகுதியாவது அதன் நிழலில் கழியும்.

அடுத்தது, நோயை மறைப்பது. ஒருவர் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கியிருப்பார். விண்ணப்பத்தில் "இல்லை" என்று டிக் செய்வார். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். கிளைம் வரும்போது பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் கேட்பார்கள். அன்றைக்குப் பாலிசியே ரத்தானால், ஆஸ்பத்திரி பில் முழுக்க அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.

5 லட்சம் என்ற காப்பீட்டுத் தொகையை மட்டும் பார்ப்பதும் தப்பு. அறை வாடகைக்கு நாளுக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு இருக்கும் பாலிசியில் 10,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணமும் ஆபரேஷன் செலவும்கூட அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.

இஎஸ்ஐ கொடுத்ததெல்லாம் இதிலும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். வெளிநோயாளி மருந்து, உடம்பு சரியில்லாத நாட்களுக்கு 70 சதவீதக் கூலி, உங்களை நம்பி இருக்கும் அம்மா அப்பாவுக்கு வைத்தியம் எல்லாம் அதில் இருந்தன. சாதாரணப் பாலிசி பெரும்பாலும் படுக்கைச் சிகிச்சைக்குத்தான். அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாமல், தனிப் பாலிசிக்கு இப்போதே விசாரியுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைக்காமல் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.